மூன்றாவது முறை கூப்பிட்டபோது

இது கதை இல்லை. கதையாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். பேய் பிசாசை ஜெபத்தால் விரட்டுகிறோம் என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் நாங்கள். எங்களுக்கே இப்படி நடந்தது என்றால் சபையில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு என் கணவர் திரும்ப வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஜெபராணி. மயிலாடுதுறையில் இருக்கிறோம். கணவர் வேதமுத்து முழுநேர ஊழியக்காரர். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இருளர் குடியிருப்பு இருக்கிறது. இருபது குடிசை இருக்கும். நண்டு பிடிப்பார்கள், அறுவடை சமயத்தில் வயலில் எலி பிடிக்கப் போவார்கள். பாதை கிடையாது, படகுதான். செல்போனுக்கு டவரும் கிடையாது. இரண்டு வருஷமாக வாராவாரம் போய்வந்தோம். என் கணவருக்கு முட்டி தேய்ந்துபோய்த் தரையில் உட்கார முடியாது. அதைவிடத் தண்ணீர் பயம். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் படகில் வருவார். உங்கள் விசுவாசமெல்லாம் கரையோடு நின்றுவிட்டதா என்று கேலி செய்வேன்.

அந்த இரண்டு வருஷத்தில் ஞானஸ்நானம் எடுத்தது ஒரே ஒருவர், மருதையன். என் கணவருக்கு அவர் தம்பி மாதிரி. எடுத்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கார்த்திகை மாதம், அடைமழை. மருதையன் குடிசையில் ஜெபம் முடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மருதையன் நெஞ்சைப் பிடித்தார். ஒண்ணுமில்ல என்றார். அப்படியே சாய்ந்தார். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தோம். மூச்சு வரவில்லை. என் கைக்கடிகாரத்தில் மத்தியானம் மணி மூன்று பத்து.

குடியிருப்பே கூடிவிட்டது. யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பின்னால் ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள், சாமியை மாத்தினாரு, கொலசாமி கன்னியம்மா கூப்பிட்டுக்கிச்சு என்று. அது என் கணவர் காதில் விழுந்தது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அவர் ஜெபிக்க எழுந்தார். மருதையன் மனைவி காத்தாயி, அந்த அழுகையிலும் குறுக்கே கையை நீட்டினாள்.

"மண்ணு போடுற வரைக்கும் பேரைச் சொல்லிடாதீங்கய்யா. கூப்பிட்டா வந்துடுவாங்க. ஆனா இந்த ஒடம்புல எடம் இருக்காது."

அது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கம் வேறு. யாருக்காக ஜெபித்தாலும் பெயர் சொல்லித்தான் ஜெபிப்போம். பிணத்தின் தலைமாட்டில் நின்று, மழைச் சத்தத்தையும் மீறி என் கணவர் கத்தினார்.

"மருதையா, எழுந்திரு!"

ஒன்றும் இல்லை. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மருதையா, எழுந்திரு!"

போதும் என்று நான் அவர் சட்டையை இழுத்தேன். கேட்கவில்லை.

மூன்றாவது முறை அவர் குரல் உடைந்துவிட்டது. வெறும் பெயரை மட்டும் கூப்பிட்டார். கெஞ்சுகிற மாதிரி.

"ம்..."

பதில் வந்தது.

தூக்கத்தில் இருக்கிறவனை எழுப்பினால் முனகுவானே, அப்படி. மருதையன் குரல். நான் பிணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசையவில்லை. அழுகை சட்டென்று நின்றது. கீற்றுக்கு வெளியேயிருந்து வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

மழை மூட்டத்தில் வெளியே இருட்டிக்கிடந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடிசையைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர். யாரும் இல்லை.

உள்ளே வந்தேன். என் கணவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

தரையில். குத்துக்காலிட்டு.

"என்னங்க... முட்டி வலிக்கலையா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரோ அசலாளைப் பார்க்கிற பார்வை.

"இல்ல."

அந்த வீட்டு நாய்க்கு என் கணவரைக் கண்டாலே ஆகாது. வந்த நாளிலிருந்து குரைக்கும். அது எழுந்து வந்தது. அவர் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது.



மழை விட்டதும், இருட்டுவதற்குள் புதைத்தார்கள். என் கணவர் குழிப்பக்கம் வரவில்லை. நான்தான் ஜெபம் பண்ணினேன்.

திரும்பும்போது படகில் அவர் உட்காரவில்லை.

நின்றார். கழியைக் கையில் வாங்கினார்.

ஊன்றித் தள்ளினார்.

படகு ஆடவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டு ஜெபம் பண்ணவில்லை. சாவைக் கண்ணெதிரே பார்த்த அதிர்ச்சி என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலையில் காத்தாயி வந்தாள். பெரியாஸ்பத்திரிக்கு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். காபி கொடுத்தேன். பேச்சு அந்த நாளுக்குத்தான் போனது. வெளியே அவ்வளவு தேடினேன், யாரும் இல்லையே என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொரலு வெளியிலேர்ந்து வரலம்மா. ஐயா வாயிலேர்ந்துதான் வந்துச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எம் புருஷன் கொரலும்மா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்."

அப்போது தோட்டத்துக் கதவு திறந்தது. என் கணவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"குதிகால் முள்ளை எடுத்துட்டியா?"

காத்தாயி தலை நிமிரவில்லை.

"எடுத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து தோட்டத்துக்கே போய்விட்டார்.

வாசல்வரைக்கும் நான் அவளோடு போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. என்ன முள் என்றேன்.

"அவுங்க செத்த அன்னிக்கு, விடியக்காலையில சுள்ளி பொறுக்கப் போனப்ப குத்துச்சும்மா. ராவைக்கு எடுத்து வுடுறேன்னு சொன்னாங்க. அவுங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் திரும்பித் திரும்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எங்கள் இரண்டு பேரில் யார் புருஷன் செத்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.