பைக்குள் கத்திய விளையாட்டு

ஜேர்மனியில் இருந்த அண்ணை ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டியை அனுப்பியிருந்தார். சவர்க்காரக் கட்டி அளவுதான். சாம்பல் திரையில் ஒரு குட்டி மனிதன், மேலிருந்து விழுகிற பெட்டிகளுக்குத் தப்பி ஓடவேண்டும். அதிலேயே மணிக்கூடும் இருந்தது.

அது வந்தபின் என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். ஊரடங்கு நேரங்களில் பக்கத்து வீட்டாரோடு காட்ஸ் விளையாடிச் சிரிப்பவர், இப்போது மூலையில் குனிந்தபடி தனியே தட்டிக்கொண்டிருந்தார்.

நீர்வேலியில் ஒரு கலியாணம். வெளிக்கிடும்போது அதையும் என் கைப்பைக்குள் வைத்தார்.

"உதை ஏன் கொண்டுவாறியள்? அங்கை ஆக்களோடை கதைக்கலாம்தானே?"

"சும்மா கிடக்கட்டும். உமக்கென்ன பாரமே?"

வழியில் ஆமிச் சென்றி, பைகளைச் சோதிக்கிற இடம். மினிபஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு இளம் சிப்பாய் என் பையை வாங்கினான். அந்த நேரம் பார்த்து உள்ளே 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது.

அவன் பையை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துவக்குகள் என்னை நோக்கி நீண்டன.

"விளையாட்டுச் சாமான், சேர்! கேம்! கேம்!" கைகளை உயர்த்தியபடி இவர் கத்தினார். எடுத்துக் காட்ட முன்னே வந்தவரை ஒருவன் துவக்குப் பிடியால் தள்ளினான். என்னைத்தான் எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

நான் பையடிக்கு நடந்தேன். சத்தத்தை எப்படி நிற்பாட்டுவது என்றும் தெரியாது. தவறான இடத்தில் கைபட்டால் சுட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"இடப்பக்கத்துச் சின்னப் பொத்தான்! அதை அமத்தும்!"

"எதப்பா? எது?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதையோ அமத்தினேன். சத்தம் நின்றது. முந்தினநாள் தட்டித் தட்டி விளையாடும்போது, தெரியாமலே அலாரத்தை வைத்துவிட்டிருக்கிறார் மனுசன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அதிகாரி ஒருவன் மெல்ல வெளியே வந்து, விளையாடிக் காட்டு என்று சைகை செய்தான். நான் அதை ஒருநாளும் தொட்டதில்லை. முதலாவது பெட்டியே குட்டி மனிதனின் தலையில் விழுந்தது. திரும்பவும் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். சற்றுமுன் பையை எறிந்த பையன் அதை என் கையிலிருந்து வாங்கி, மண்மூட்டையில் சாய்ந்து விளையாடத் தொடங்கினான். எங்களைப் போகச் சொன்னார்கள். திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

திரும்ப மினிபஸ்ஸில் ஏறினோம். முன்சீற்றில் இருந்த அம்மா ஒருவர் திரும்பி, "எல்லாரையும் சாக்கொல்லப் பாத்தியளே" என்றார். இவர் தலை குனிந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புவதற்காகக் கலியாண வீட்டில் வீடியோ எடுத்தார்கள். அந்தக் கசெற்றைப் பின்னொருநாள் பார்த்தேன். சனம் எல்லாம் மணவறையைப் பார்த்து நிற்கிறது. நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.