வீட்டுக்குள் இங்கிலீஷ் மட்டும்

என் மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னுக்குத் தாம்பரத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இடம் கிடைத்தது. கோடை விடுமுறையில் மூன்று ஆங்கில நாவல்களைப் படிக்க வேண்டும், பள்ளி திறந்ததும் வகுப்பின் முன்னால் நின்று அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அவளைவிட எனக்குத்தான் உதறல்.

நானும் தமிழ் மீடியம்தான். இத்தனை வருடமாக ஆபீஸ் மீட்டிங்குகளில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அந்தக் கதி இவளுக்கு வரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். முடிச்சூரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் இங்கிலீஷ் மட்டும். தமிழில் கேட்டால் நான் காதில் வாங்க மாட்டேன். காலனியில் பாதி வீடுகளில் இதே கூத்துதான். எதிர் வீட்டு அம்மா காய்கறி வண்டிக்காரரிடம்கூட இங்கிலீஷில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாவங்க, பேச்சையே விட்டுடப் போறா," என்றாள் மனைவி.

"ரெண்டு மாசம் கஷ்டப்பட்டா ஆயுசுக்கும் நல்லா இருப்பா," என்று எரிந்து விழுந்தேன்.

சாப்பிடும்போதுகூட வாய் ஓயாத பெண். முதல் வாரம் திக்கித் திணறினாள். அடுத்த வாரம் "எஸ் அப்பா", "நோ அப்பா" என்று சுருங்கிவிட்டாள். அப்புறம் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். படிப்பில் மூழ்கிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன். அந்த அமைதியைப் பார்த்து அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில், தன் தங்கையின் பிரசவத்துக்காக மனைவி கேளம்பாக்கம் போனாள். மறுநாள் காலை மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, வயிறு வலிக்குது."

பேப்பரிலிருந்து நான் தலையைத் தூக்கவில்லை. "இன் இங்கிலீஷ்."

"ஸ்டமக் பெயின்."

"முழு வாக்கியமா சொல்லணும்."

உதட்டுக்குள் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள். அன்று சாயங்காலம் இரண்டாவது நாவலின் கதையை அவள் எனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் சாக்கு தேடுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் இட்லியைத் தொடவில்லை. என்ன என்று இங்கிலீஷில் கேட்டேன். "நத்திங், அப்பா," என்றாள். வலது இடுப்பில் கையை வைத்து, லேசாகக் குனிந்தபடி நடந்தாள். பார்த்தேன். பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். போனில் அம்மாவிடமும் அவள் வாய் திறக்கவில்லை. பிரசவம் நடக்கிற இடத்தில் அம்மா பதறுவாள் என்று நினைத்தாளாம்.

மூன்றாம் நாள் காலை பாத்ரூம் வாசலில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. எதிர் வீட்டுக் காரில் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எங்கம்மா வலிக்குது? எப்பலேர்ந்து?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அப்பா, மே ஐ டெல் இன் தமிழ்?"

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினேன்.

குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். "படிச்சவர்தானே சார், மூணு நாளா என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். மகள் பிழைத்துவிட்டாள்.

சட்டத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன். "தமிழ்லயே பேசும்மா" என்று வெட்கத்தை விட்டுக் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். சமையலறையில் அம்மாவோடு அவள் பழையபடி அரட்டை அடிப்பது ஹாலில் எனக்குக் கேட்கிறது. ஆசையாக உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

"டூ யூ வான்ட் காபி, அப்பா?" என்கிறாள், மரியாதையாக.