மூடியைத் திறந்த கை

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எழுத உட்காரும் அளவுக்குப் படித்தவன் இல்லை நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

குடியை விட்டிருந்த குமரேசனை மறுபடியும் குடிக்க வைத்தவன் நான்தான்.

அவனாகத்தான் குடித்துச் செத்தான் என்று ஊர் சொல்கிறது. முப்பத்து மூன்று வயதில்! அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு! இப்படிச் சொல்லிவிட்டு எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். நானும் கூட நின்று ஆட்டியிருக்கிறேன்...

குமரேசனை உங்களுக்குத் தெரியாது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பிள்ளை. சுற்றுவட்டாரத்தில் எந்த அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும் அன்று மாலை அவன் கச்சேரிதான். பாட்டையும் அவனே கட்டுவான். அம்மாவைக் கூப்பிடுகிற இடத்தில் குரல் மேலே மேலே போய், ஓர் உச்சியில் நின்று, லேசாக விரியும். பானை விரிவது போல. ஐயோ, உடைந்துவிட்டதே என்று நாம் பதறும்போது, அந்த விரிசலுக்குள்ளிருந்து இன்னொரு குரல் எழும்பும். கூழ்க் குண்டானோடு நடந்துபோகிற பெண்கள் அப்படியே நின்றுவிடுவார்கள்.

அந்த இரண்டாவது குரல் எங்கிருந்து வந்தது? இன்றைக்கும் எனக்கு அதுதான் கேள்வி.

அவனுக்குப் பின்னால் சுருதிப் பெட்டியோடு உட்காருவது என் வேலை. கூட்டத்துக்கு என் முகம் தெரியாது, அது எனக்கு வசதி. ஆனால் பாடும்போது அவன் முகமும் எனக்குத் தெரியாது! அத்தனை வருடமும் நான் பார்த்தது அவன் பிடரியைத்தான். பாட்டு சரியாக வந்தால் காது மடல் சிவக்கும். வராவிட்டால் கழுத்து நரம்பு துடிக்கும்.

இன்னொரு வேலையும் இருந்தது. அவனுடைய பிளாஸ்க் என் பொறுப்பு. அவன் மனைவி செல்வி அதில் சுக்கு வெந்நீர் நிரப்பிக் கொடுப்பாள். வழியில் அவன் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு பிராந்தி கலப்பான். மேடையில் இருந்த எங்களுக்கெல்லாம் தெரியும். செல்விக்குத் தெரியாது. வீட்டில் அவன் குடிப்பதைக் கண்டு அழுவாள். மேடையில் மட்டும் அவன் சுத்தம் என்று நம்பினாள்.

அப்புறம் ஒருநாள் மேடையிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தான். வேலூர்ப் பக்கம் குடியை நிறுத்தும் மையம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது கன்னம் உப்பி, கண் தெளிந்து, கல்யாண மாப்பிள்ளை போல இருந்தான். தானே கடைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு பன் வாங்கினான். அதைப் பார்க்கத் தெருவே வாசலில் நின்றது.

அந்த ஆடி மாதம்தான் மறுபடி மேடை ஏறினான். செல்வி பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, இத வேற யாரும் தொடக்கூடாது. உங்க ஒருத்தரத்தான் நான் நம்பிக்கினு இருக்கறேன்."

"நீ போய் முன்னாடி உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட அழகைக் கேளுங்கள்.

முதல் பாட்டு தப்பில்லாமல் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். சுருதி ஓர் இழை கூட விலகவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் குரல் மேலே போனது, நின்றது, இறங்கிவிட்டது. விரியவில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனை போலச் சுத்தமாக இருந்தது. பின்வரிசை நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. டோலக் வாசிக்கும் பாபு என் பக்கம் சாய்ந்தான்.

"இன்னாண்ணா, நம்மாளு ஐயர் ஆத்து மாமி மாரி பாடறான்? ஜனம் பூரா பஜ்ஜி கடையாண்ட பூட்ச்சி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குமரேசனின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

நடுவில், ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்காகக் கச்சேரியை நிறுத்தினார்கள். எல்லோரும் மேடையின் முன்பக்கம் போய் நின்றார்கள். பாபுவின் டோலக் உறைக்குள் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருப்பது எனக்குத் தெரியும்.

சாயப்பட்டறையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிறம் பிடிக்குமா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் நூலை மட்டும் தொட்டியில் நனைத்துப் பார்ப்போம். வெளுப்பாக இருந்தால் இன்னும் ஒரு சிட்டிகைச் சாயம். அவ்வளவுதான். நூல் கெட்டாலும் போவது கொஞ்சம்தானே!

அதே கையால், அதே நினைப்போடுதான் செய்தேன். பாட்டில் மூடியால் ஒரு மூடி அளந்து சுக்கு வெந்நீரில் ஊற்றினேன். அவன் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்லலாம். கூட்டம் கலைகிறதே என்று செய்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும் பொய். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குரல் அவனுக்குள் இன்னும் இருக்கிறதா, அல்லது அது இத்தனை நாளும் பாட்டிலுக்குள்தான் இருந்ததா?

பிளாஸ்க்கை அவன் பக்கத்தில் வைத்தேன். குடித்தான். பாடினான்.

குரல் விரிந்தது!

போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். பாபு கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது... ஆம், மகிழ்ந்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரமே அவன் பழைய குமரேசன் ஆகிவிட்டான். தை பிறந்து சில நாளில், ஈரல் போய், செத்தான்.

அன்றிலிருந்து நான் எனக்கே சொல்லிக்கொண்டது இதுதான்: "கலந்தது நீ. குடித்தது அவன். வாயில் பட்டதுமே வாடை தெரிந்திருக்கும். துப்பியிருக்கலாமே! ஏன் துப்பவில்லை?"

வாடை தெரிந்த அந்த நொடியில் அவன் முகம் எப்படி இருந்தது? கோபமா, நன்றியா, பயமா? எனக்குத்தான் பிடரி மட்டும் தெரிந்ததே! முன்வரிசையில் இருந்தவர்களிடம் ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். பஜ்ஜிக் கடைக்காரர், "பாடறவன் மூஞ்சிய யாருப்பா பாத்துக்கினு இருந்தா? எனக்கு எண்ணெ காஞ்சிக்கினு இருந்துச்சி" என்றார். பாபுவிடம் கேட்டதற்கு, "எதுக்குண்ணா, படம் வரையப் போறியா?" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை குமரேசனுக்கு முதல் வருட நினைவு நாள். சின்ன மண்டபம் ஒன்றில் திரை கட்டி, அந்த ஆடிக் கச்சேரியின் வீடியோவைப் போட்டார்கள். விழாக் குழுவினர் செல்போனில் எடுத்ததாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது! உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போகத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

திரையில் அவன் முகம். பிளாஸ்க்கை எடுத்து ஒரு வாய் குடித்தான். விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி இருந்தது. கண் நேரே செல்வி உட்கார்ந்திருந்த பக்கம் போனது. அவள் சிரித்துத் தலையாட்டுவது ஓரத்தில் தெரிந்தது. மனைவியைப் பார்த்தபடியே விழுங்கினான். மூடியை இறுக்கித் திருகினான். பிளாஸ்க்கைத் தனக்கு அந்தப் பக்கம், எட்டத் தள்ளி வைத்தான்.

தள்ளி வைத்தான்... அவன் வேண்டாம் என்றிருக்கிறான்!

அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. விரலெல்லாம் அரக்குச் சாயம். அந்தக் கை பிளாஸ்க்கை எட்டி எடுத்து, மூடியைத் திறந்து, அந்த மூடியிலேயே ஊற்றி, அவன் வாய்க்கு நேராக நீட்டியது. அவன் திரும்பவில்லை. கையைப் பார்த்தான். கை விலகவில்லை. நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கிக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்கு நினைவில் இல்லை! பிடரி நினைவிருக்கிறது, காது மடல் சிவந்தது நினைவிருக்கிறது. என் கை மட்டும் எப்படி மறந்துபோனது? நம் கை செய்ததை நாமே இப்படி மறக்க முடியுமா? உங்களுக்கு எப்போதாவது அப்படி ஆகியிருக்கிறதா?

மண்டபத்தில் செல்வியின் குரல் கேட்டது.

"அந்தக் கை யாருதுன்னு தெரியுதா? எங்க அண்ணன் கை. எங்க வூட்டுக்காரரு வாணாம்னு தள்ளி வெச்சாலும், தொண்ட காஞ்சிடும்னு குடிக்க வெக்கறாரு பாருங்க!"

கை தட்டினார்கள். "பேசுண்ணா, இன்னிக்காவது பேசு!" என்று பாபு என்னை மைக் முன்னால் தள்ளிவிட்டான். எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நல்லா பாடுவான்" என்றேன். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் கேள்வி தீரவில்லை. ஒரு மூடி பிராந்தி அந்தக் குரலைக் கொண்டுவந்திருக்குமா? இல்லை, அந்தக் கை யாருடையது என்று தெரிந்ததாலேயே அவனுக்குள் ஏதோ விரிந்து, அதுதான் பாட்டாக வந்ததா? அப்படியென்றால் நான் சிலிர்த்துக்கொண்டு கேட்டது எதை?

மறுநாள் காலையில் செல்வி சாயப்பட்டறைக்கு வந்தாள். பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.