கோபுரம் தாங்காத மணி

எங்கள் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோபுரத்தைத்தான் படம் எடுப்பார்கள். மூணாறு மழையில் கறுத்துப்போன கருங்கல், உச்சியில் சிலுவை, கூராக முடியும் ஜன்னல்கள், அவற்றில் வண்ணக் கண்ணாடி. வாசல் கல்வெட்டில் கட்டிய துரையின் பெயர் இருக்கிறது. கல் உடைத்தவர்களைப் பற்றியும், கோபுரத்து வெண்கல மணியை மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து மலையேற்றியவர்களைப் பற்றியும் ஒரு எழுத்து கிடையாது. போகட்டும், அது பழைய வயிற்றெரிச்சல். நான் சொல்ல வந்தது மணியைப் பற்றி.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது இறந்தால் அந்த மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். திருவிழாவுக்குப் போல விடாமல் அல்ல; ஒரு அடி, அதன் அதிர்வு அடங்கியபின் அடுத்தது. மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். கொழுந்து கிள்ளும் பெண்கள் கையை நிறுத்தி, சிலுவை போட்டு, யாரென்று தெரியாவிட்டாலும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி குனிவார்கள். என் அம்மா ஆயுள் முழுக்க அப்படி நின்றவள். படுக்கையில் விழுந்தபின் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாலை, பந்தல் ஒண்ணும் வேண்டாம் தாயி. மணிய மட்டும் அடிக்கச் சொல்லு. காட்டுல நிக்கிறவளுக எனக்காகவும் கொஞ்சம் நிக்கட்டும்."

அதற்கு முந்தின வருஷ மழையில் கோபுரம் விரிசல் விட்டிருந்தது. மணியைத் தாங்கும் மர உத்திரமும் உளுத்துப்போயிருந்தது. அம்மா இறந்ததும் கைக்காரரிடம் ஓடினேன். கைக்காரர் என்றால் கோயில் நிர்வாகி; எங்கள் லயத்திலேயே வளர்ந்த மனிதர்தான்.

"அசைச்சா இடிஞ்சு விழுந்துரும்மா. யாரு பதில் சொல்றது? பதிவு பண்ணின மணி இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டுருதோம்."

"ஒரே ஒரு அடி அண்ணாச்சி. அம்மா ஆசைப்பட்டது."

"செத்தவங்களுக்காக இருக்கிறவங்களக் கொல்லச் சொல்லுதியா?"

அன்றைக்குப் பெய்த மழையில் கரண்டும் போயிற்று, ஸ்பீக்கரும் வாய் திறக்கவில்லை. அம்மாவைச் சத்தமே இல்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தோம். சரிவில் நின்ற பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன, அவர்களுக்கு யார் சொன்னது?

அடுத்த மாதம் மறைமாவட்டத்து ஆயர் எங்கள் கோயிலுக்கு வந்தார். கோபுரத்தில் ஒரு கல்லைக்கூட மாற்றவில்லை. விரிசல் தெரியாமல் குறுக்கே தோரணம் கட்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பக்கம் தலைவைக்கப் பிடிக்கவில்லை. எங்களைத் தெரியாத வேறு டிவிஷன் தேயிலைச் சரிவு வழியாக எஸ்டேட் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது.

அட பாவிகளா! என் அம்மாவுக்குத் தாங்காத உத்திரம் ஆயருக்குத் தாங்குமா? ஆனால் அடிக்கிறவனுக்கும் பயம் இருந்திருக்க வேண்டும். கயிற்றை மெல்ல இழுத்து, கோபுரம் நிற்கிறதா என்று பார்த்து, அதன்பிறகுதான் அடுத்த அடி அடித்தான். ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி.

சரிவில் கைகள் நின்றன. பெண்கள் நிமிர்ந்து சிலுவை போட்டார்கள். ரோட்டோரத்தில் நின்றவள் என்னைப் பார்த்து, "யாரு தவறிட்டாங்கக்கா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா" என்றேன்.

அவள் திரும்பிப் பின்னால் நின்றவளிடம் சொன்னாள், அவள் மேலே நின்றவளிடம் சொன்னாள். கீழே ஆயர் கோயில் வாசலுக்கு வந்து சேரும்வரை அத்தனை பேரும் குனியாமல் நின்றார்கள்.