லைலின் துப்பாக்கி, வெல்டாவின் கை

ஐம்பது தோட்டாக்கள் சுட்டதில் முப்பத்தொன்றுதான் குறிக்குள் விழுந்திருந்தன. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

காகித அட்டையை இரண்டாவது முறையும் எண்ணி முடித்த துணை ஷெரிஃப் ட்வைட் ஷ்ராடர், அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் அண்ணி. வெள்ளிக்கிழமை. அதுலயும் போச்சுன்னா பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட வேண்டியதுதான். பழைய கோப்பு அறையில ஒரு மேஜை காலியா இருக்கு. வெயில் கிடையாது, காத்து கிடையாது. நிம்மதியா உட்காரலாம்."

"செத்தவங்களும் நிம்மதியாத்தான் படுத்திருக்காங்க" என்றாள் வெல்டா.

தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தத் திடலில் நெப்ராஸ்காவின் காற்று புழுதியை வாரி இருவர் முகத்திலும் அடித்தது. வெல்டா கண்ணை மூடவில்லை. ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடங்களாகக் கார்வே நீதிமன்றத்தின் வாசலில் காவலுக்கு நிற்பவள். பெண்டாட்டியை அடித்துவிட்டு நீதிபதி முன்னால் சீறியவனை ஒற்றைக் கையால் சுவரோடு சாய்த்தவள். அவளைப் போய்க் கோப்புகளுக்குத் தூசி தட்டச் சொல்கிறார்கள்!

"வயசாகுதுல்ல அண்ணி. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா?"

"அந்த அட்டையைக் குடு."

ட்வைட் கொடுத்தான். வெல்டா அதைச் சூரியனுக்கு எதிரே பிடித்தாள். ஓட்டைகள் வழியே வெளிச்சம் ஒழுகியது. வட்டத்துக்கு வெளியே போனவை எல்லாம் இடது பக்கம். வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"கண்ணு போயிருந்தா குண்டு நாலா பக்கமும் சிதறும். இது எல்லாம் ஒரே பக்கமாப் போயிருக்கு. தப்பு என் கண்ணுல இல்ல ட்வைட்."

"பின்ன எதுல?"

பதில் அவளுடைய இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது அவள் கணவன் லைலின் துப்பாக்கி.

ஆறு வருடங்களுக்கு முன்பு, பனி உறைந்த நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரிக்காரனைக் காப்பாற்றப் போன துணை ஷெரிஃப் லைல், பின்னால் சறுக்கி வந்த இன்னொரு லாரிக்கு இரையானான். அடக்கத்தன்று ஷெரிஃப் அந்தக் கனத்த துப்பாக்கியை அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். அன்று சத்தியம் என்று எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்குப் போகும்போது தன் பழைய ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதைக் கட்டிக்கொண்டாள். ஊரே உருகிப்போனது. உணவுக்கடையில் அவள் நுழைந்தால் ஆண்கள் தொப்பியைத் தொட்டார்கள். "லைலோட துப்பாக்கி போகுது பார்" என்று கிசுகிசுத்தார்கள்.

ரிவால்வர் காலத்தில் அவள் நாற்பத்தைந்துக்குக் கீழே சுட்டதே இல்லை. இதைக் கட்டிய பிறகு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. அப்போது தேர்ச்சிக்கு முப்பது போதும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. துக்கம் என்றார்கள். இந்த வருடம் நாற்பதாக உயர்த்தினார்கள். உடனே வயது என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவள் தோட்டா அடுக்கை உருவி, குழலுக்குள் எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, வெறும் சுவரை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சவ்வு பிடியின் பின்புறத்தில் நன்றாகப் பதிந்தது. குழல் முன்னங்கையோடு ஒரே கோட்டில் நின்றது. சரி. இப்போது விசையைத் தொட வேண்டும்.

விரல் எட்டவில்லை. நுனிநகம்தான் உரசியது. எட்ட வேண்டுமானால் கையைத் திருகிப் பிடிக்க வேண்டும். திருகினால் குழல் கோணிப் போகிறது. நுனியால் இழுத்தால் குழல் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. ஆறு வருடங்களாக அவள் இப்படித்தான் சுட்டிருக்கிறாள். ஆறு வருடங்களாக இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போலவே இருந்துவிட்டாள்.

லைலின் குளிர்காலக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுடைய சின்னக் கை அதற்குள் தொலைந்து போனது. அதைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அவள் விம்மி விம்மி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். பணி விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடும் எந்த நல்ல துப்பாக்கியையும் காவலர் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது.

"கேட்டுக்கோ லைல்" என்று மேஜை மேல் இருந்த அவன் படத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் கோப்பு அறைக்குப் போக மாட்டேன்."

புதன்கிழமை மதியம் ஆர்விட்டின் துப்பாக்கிக் கடை. ஆர்விட், லைலோடு சீட்டாடியவர். வெல்டாவைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து முன்னே வைத்தார்.

"வா தங்கச்சி. வெள்ளிக்கிழமை விஷயம் காதுல விழுந்துச்சு. இதைப் பாரு. லேசு. பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்கறாங்க."

"பொம்பளைங்க கேக்கறாங்களா, புருஷனுங்க வாங்கிக் குடுக்கறாங்களா?"

ஆர்விட் மீசையைத் தடவினார். "ரெண்டும்தான்."

"இதுல கண்ணாடியும் லிப்ஸ்டிக்கும் எங்கண்ணே வச்சிருக்கு?"

மூலையில் தோட்டாப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். ஆர்விட்டுக்குக் காது சிவந்தது. "சுட்டுப் பாரேன் முதல்ல" என்று கடைக்குப் பின்னால் இருந்த கூடத்துக்கு அழைத்துப் போனார்.

வெல்டா ஐந்து முறை சுட்டாள். ஒவ்வொரு முறையும் அது உள்ளங்கையைக் கடித்துத் துள்ளியது. பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை.

"இத்துனூண்டு இருந்துக்கிட்டுக் கழுதை மாதிரி உதைக்குது!"

"எடை இல்லேல்ல. உதையை வாங்க இரும்பு வேணும். இரும்பு இல்லேன்னா கைதான் வாங்கணும்."

"இது தெரிஞ்சும் விக்கறீங்களா?"

ஆர்விட் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரிக்கும் இதுதான் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தடவை சுட்டா. இப்ப அது அலமாரியில துண்டுகளுக்கு அடியில கெடக்கு."

"அப்ப எனக்குப் பெருசோ சின்னதோ வேண்டாம். அழகும் வேண்டாம். என் விரல் எட்டணும். முழுக் கையும் பிடியில உட்காரணும். இருக்கற எல்லாத்தையும் எடுங்க."

எடுத்தார். கடைக்குள் நின்று ஒவ்வொன்றையும் காலி என்று பார்த்தபின் அவள் சுவரை நோக்கிப் பிடித்தாள். முன்னங்கையும் குழலும் ஒரே கோடு. விரலின் முதல் மடிப்புச் சதை விசையில் படுகிறதா? இல்லை. அடுத்தது. இல்லை. ஒன்றில் விரல் எட்டியது, ஆனால் தோட்டா அடுக்கை விடுவிக்கும் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. ஆறாவதை வைத்துவிட்டு அவள் சோர்ந்தபோது, ஆர்விட் தயக்கத்தோடு கீழ் இழுப்பறையைத் திறந்தார்.

"இது பழசு. வான்கோழிப் பண்ணைக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போனது. பாக்க அசிங்கமா இருக்கும்."

முழு எஃகு, ஒன்பது மில்லிமீட்டர். மேல்பூச்சு உரிந்து திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக அடுக்கப்படுவதால் பிடி ஒல்லியாக இருந்தது. வெல்டா அதை எடுத்தாள். விரல், தானே போய் விசையில் படுத்துக்கொண்டது.

அவள் அதை இன்னொரு முறை பிடித்துப் பார்த்தாள்.

"மேல் பாகத்தை இழுக்கக் கஷ்டமா இருக்கும்" என்றார் ஆர்விட். "ஸ்பிரிங் முரடு."

"இழுத்தாத்தானே கஷ்டம்?" மறுபடி கூடத்துக்குப் போய், துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, குழல் கூடத்தின் மண்மேட்டைப் பார்க்க, மேல் பாகத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளினாள். சடக் என்று திறந்தது. "மாட்டுப்பட்டிக் கதவை இப்படித்தான் திறப்போம். எட்டு வயசிலேர்ந்து."

சுட்டாள். துப்பாக்கி கனமாக, நிதானமாக அசைந்தது. இரண்டு பெட்டித் தோட்டா தீர்ந்தபோது ஓட்டைகள் நடுவில் கூடு கட்டியிருந்தன.

கார்வே சின்ன ஊர். வியாழக்கிழமை மதியமே ட்வைட் நீதிமன்ற வராந்தாவில் வந்து நின்றான். குமாஸ்தாக்கள், வக்கீல்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அவன் கண்கள் அவளுடைய இடுப்புக்குத் தாழ்ந்தன.

"அண்ணன் துப்பாக்கியைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்."

"ஊர் என்ன சொல்லும் அண்ணி? ஆறு வருஷத்துல அவ்வளவு சீக்கிரமா மறந்துட்டீங்களா?"

வெல்டா ஓர் அடி முன்னே வந்தாள்.

"உங்க அண்ணனோட பூட்ஸ் இன்னும் வாசல்ல இருக்கு. பன்னிரண்டாம் நம்பர். அதையும் மாட்டிக்கிட்டு ஓடச் சொல்றியா? இந்த வாசல்ல ஒருத்தன் கத்தியோட வந்தா, லைலோட ஞாபகமாடா வந்து அவனைத் தடுக்கும்? இந்தக் கைதான் தடுக்கணும். என் கை!" அவள் அதை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். "அவர் இருந்திருந்தா முதல் நாளே கழட்டி வாங்கியிருப்பார். நீங்க யாரும் வாங்கல. நானும் குடுக்கல. அதுதான் தப்பு."

ட்வைட் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு வெளியே நடந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அதே திடல், அதே காற்று. ஷெரிஃப் வரவில்லை. ட்வைட்டைத் தவிர வேறு யாரும் இல்லை. வெல்டா கோட்டில் நின்றாள். மூன்று கஜம், ஏழு, பதினைந்து, இருபத்தைந்து. தோட்டா அடுக்கைச் சரியாக மாற்றினாள். கண்ணீர் மட்டும் காரணம் கேட்காமல் வந்தது. அதைத் துடைக்காமலே சுட்டாள்.

ட்வைட் ஒரு முறை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"நாற்பத்தேழு."

"உரக்கச் சொல்லு. காத்துல கேக்கல."

"நாற்பத்தேழு அண்ணி!"

அவள் துப்பாக்கியைக் காலி செய்து, பார்த்து, உறையில் வைத்தாள். ட்வைட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான். அந்தக் கைகளை அவள் அப்போதுதான் கவனித்துப் பார்த்தாள். அகன்ற உள்ளங்கை. நீண்ட, கணுக்கள் புடைத்த விரல்கள். லைலின் கைகள்.

"அன்னைக்கு ஷெரிஃப் அதை உங்க கையில வச்சப்ப..." ட்வைட் அட்டையைப் பார்த்தபடி சொன்னான். "நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் குடுப்பாங்கன்னு நினைச்சேன். அதை வச்சுத்தான் அண்ணன் எனக்குச் சுடச் சொல்லிக் குடுத்தார்."

"ஆறு வருஷமா இதை வாயில அடக்கிக்கிட்டா என் வயசைக் குத்திக் காமிச்ச?"

அவன் தலைகுனிந்தான்.

"உன் கைக்குத்தான் அது பொருந்தும். தெரியும்" என்றாள் வெல்டா. "ஆனா இங்க தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அவர் படத்துக்கு முன்னால நின்னு, என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, அப்புறம் கேளு."

"கேட்டா குடுப்பீங்களா அண்ணி?"

"நீ எப்படிக் கேக்கறேங்கறதைப் பொறுத்து."

ஓட்டைகள் கூடிய அந்தக் காகித அட்டையை அவன் கையிலிருந்து உருவி, சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பத்து மணிக்கு நீதிமன்றம் கூடும். வாசலில் நிற்க அவள் நடந்தாள்.