தானாகத் திரும்பி வரும் லைன்

இன்டர்நெட் லைன் போட்டுக் கொடுக்கிற தொழிலில், லைன் ஓடுகிற வரைக்கும் நம் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் நம் வீட்டு விலாசம்வரைக்கும் தெரியும். ஏணியோடு அலைகிற சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் நானும் பர்வீனும் ஒரே கடையில் வேலை பார்க்கிறோம். நான் கம்பம் ஏறி கேபிள் இழுப்பவன். அவள் கம்ப்யூட்டர் பக்கம். மவுஸைத் தொடவே மாட்டாள். எல்லாம் கட்டளைகளாகத் தட்டுவாள். அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். நாம் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை அது தானே செய்துவிடும்.

வேங்கிக்கால் அக்கா

தனலட்சுமி அக்கா வேங்கிக்காலில் வண்டி இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுக்கிறார். கம்பெனி தளத்துக்குள் போக வி.பி.என். என்ற தனிப் பாதை ஒன்று உண்டு. அது அடிக்கடி அறுந்துபோகும். ஒவ்வொரு தடவையும் அக்கா பெயர் அடித்து, பாஸ்வேர்டு அடித்து, அது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே நிற்கிறவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பர்வீன் போய் உட்கார்ந்தாள். பாதை திறந்திருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இணை, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார். அவ்வளவுதான் ஸ்கிரிப்ட். நீலத் திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்து அக்கா, "ஐயோ, வைரஸா?" என்று எழுந்தே விட்டார். பர்வீன் சிரித்துக்கொண்டே லைனைக் கையாலேயே பிடுங்கி, மறுபடி செருகினாள். யாரும் எதையும் தொடாமலே பாதை திறந்துகொண்டது. அக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரையும் இப்படி ஒருதடவை பிடுங்கிச் சொருகிக் குடும்மா."

மல்லாட்டை மண்டி

அந்தத் தெம்பில் கீழ்பென்னாத்தூரில் ஏகாம்பரம் என்பவருடைய மல்லாட்டை மண்டிக்கும், லைன் அறுந்தால் தானே ஒட்டிக்கொள்கிற ஒரு ஸ்கிரிப்ட் போட்டோம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; எண்ணெய் ஆலைகள் அதற்குத் தருகிற விலை காலையில் ஆன்லைனில்தான் வரும். மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து போன்: "லைன் வருது, போவுது, வருது, போவுது! மூட்டையோட ஆளுங்க நிக்கிறாங்க, நான் என்னா விலை சொல்றது?"

கோளாறு ஸ்கிரிப்டில்தான். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். அந்த முகவரி பதிலே சொல்லாத ரகம். அதனால் நன்றாக ஓடுகிற லைனைச் செத்துவிட்டதாக நினைத்து, அறுத்து அறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. "கேபிள்ல கோளாறுன்னு சொல்லிடலாம், நான் பாத்துக்கிறேன்" என்றேன். நம் தொழிலில் இது வழக்கம்தானே.

"எதுக்குண்ணா? உங்க கேபிள் நல்லாத்தான இருக்குது" என்றவள், பஸ் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். மூட்டைகளுக்கு நடுவே, அத்தனை பேர் எதிரிலும், "என் ஸ்கிரிப்ட்லதாங்க தப்பு. உங்க விலை வர்ற தளத்தையே கேட்டுப் பாக்கிற மாதிரி மாத்திடறேன்" என்றாள். மாற்றினாள். லைன் அறுபடாமல் ஓடியது. திட்டுவதற்கென்றே எழுந்து வந்திருந்த ஏகாம்பரம், அவளுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "தப்பு என்னுதுன்னு சொல்ற ஆளு இந்த மண்டிக்கு வந்ததே இல்லீங்க, என்னையும் சேத்துதான் சொல்றேன்."

பௌர்ணமி சாயங்காலம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு சின்ன கிளினிக். செல்வி என்கிற நர்ஸ் இ.சி.ஜி. எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால், டவுனில் இருக்கிற இதய டாக்டருக்குப் போகும். அங்கே கேபிள் லைன் ஒன்று, செல்போன் சிம் போட்ட டாங்கிள் ஒன்று. ஒன்று போனால் இன்னொன்றுக்கு மாறி, படம் போய்ச் சேர்கிறவரை விடாமல் அனுப்பும்படி பர்வீன் எழுதியிருந்தாள்.

பௌர்ணமியன்று பந்தல் போட்டவர்கள் கழி நட்டதில் எங்கள் கேபிள் அறுந்தது. அதே நேரம், கிரிவலம் நடந்து வந்த ஒரு பஸ் டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் சாய்ந்துவிட்டார். எனக்குத் தகவல் வந்ததும் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டி போகாது. எல்லோரும் நிதானமாக நடக்கிற பாதையில் நான் ஒருவன்தான் ஓடினேன். அவ்வளவு கூட்டத்தில் செல்போனும் எடுக்காது. அந்த ஆள் என்ன ஆனார் என்று யாரிடமும் கேட்கவும் வழியில்லை.

போய்ப் பார்த்தால் கட்டில் காலி. என் முகத்தைப் பார்த்துச் செல்வியே பதறி, "இருக்காருண்ணா, நல்லா இருக்காரு" என்றார். டாங்கிள் வழியே படம் பலமுறை பாதியில் நின்றிருக்கிறது. செல்வி நோயாளி பக்கத்திலேயே இருந்திருக்கிறார்; ஸ்கிரிப்ட் அலுக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏதோ ஒரு கணம் வழி கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்திருக்கிறார்; அதற்கு மட்டும் கூட்டம் வழிவிட்டிருக்கிறது. அந்த டிரைவர் பிழைத்துக்கொண்டார். நான் சுருளை இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன். செல்வி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உக்காருங்கண்ணா, உங்களுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்துடலாம்."

இப்போதெல்லாம் எந்த வீட்டில் ஏணி சாத்தினாலும், "அந்தப் பொண்ணு வரலியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி என்பதால் எனக்குக் கோபமும் வருவதில்லை.