எட்டுக் குழுக்களில் என் ஜாதகம்

இணையத்தில் நான் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. கேட்கிற எல்லாத் தளத்துக்கும் அதே பொய்தான். லேப்டாப் கேமரா மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவள் நான். அடுத்தவர் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவள். என் விஷயத்தில் மட்டும் ஊர் வாய் திறக்கலாமா?

விஞ்ஞானக் கதைகளிலும் என் ருசி அப்படித்தான். லேசர் பறக்க, கடைசி நிமிஷத்தில் பூமியைக் காப்பாற்றும் வகையறா எனக்கு ஆகாது. ஒரே ஒரு ஆள், ஒரு விண்கலம், பக்கத்து வீடு நாலு ஒளியாண்டு தூரத்தில். ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மெண்டில் குடியிருந்து பார்த்தால் இதன் அருமை தெரியும்.

விளையாட்டிலும் சுடுகிற ரகம் பிடிக்காது. செவ்வாய் கிரகத்தில் குடியிருப்பு கட்டிப் பயிர் வளர்க்கும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அதில் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் அணியில் ஐந்து பேர். தமிழில்தான் எழுதிக்கொள்வோம், எல்லாருக்கும் புனைபெயர். நான் கறாராக எழுதுவதைப் பார்த்து ரிட்டயரான ராணுவக்காரர் என்று முடிவுகட்டி ‘சார்’ என்றார்கள். நான் மறுக்கவில்லை. மூன்று வருஷமாக சார்தான்.

அவர்களில் லால்குடிக்காரன் ஒருவனோடு மட்டும் பேச்சு விளையாட்டைத் தாண்டியது. படித்த கதைகளைச் சொல்வான், நான் குற்றம் கண்டுபிடிப்பேன், சண்டை போடுவோம். உண்மையைச் சொன்னால், அவன் வராத நாட்களில் எனக்கு விளையாடவே பிடிக்காது.

வீட்டில் வேறு நிர்வாகம். எனக்கு முப்பத்திரண்டு முடிந்ததும் அப்பா ஒரு பயோடேட்டா தயாரித்து எட்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், உயரம், சம்பளம், ஆபீஸ் விலாசம், மொபைல் நம்பர், பட்டுப்புடவையில் போட்டோ. ஒரு திருடன் உட்கார்ந்து யோசித்தாலும் இதற்கு மேல் கேட்கத் தோன்றாது. நான் கத்தினேன்.

“வரன் பாக்கறதுன்னா சொல்லித்தானேம்மா ஆகணும்? மறைச்சா நாளைக்கு வம்பு” என்றார்.

கடைசி வரியில் ‘பொழுதுபோக்கு: சமையல், கோலம், பக்திப் பாடல்’ என்றிருந்தது. நான் கோலம் போட்டு எங்கள் வாசல் பார்த்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் ஆபீஸ் வேலை பார்ப்பதாகத்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பாவம், வேறு என்ன எழுதுவார்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் தனிச் செய்தி அனுப்பினான். “சார், வீட்டுல பொண்ணு பாக்கறாங்க. ஒரு ஜாதகம் வந்திருக்கு. பெரியவங்க நீங்க, பாத்துட்டு சொல்லுங்க.”

கீழே ஒரு பிடிஎஃப். திறந்தேன். பட்டுப்புடவையில் நான்.

லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாக முந்தின நாள் அப்பா சொன்னது இவனைத்தான். அந்த எட்டுக் குழுக்கள் மேல் முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். “பொண்ணு எப்படி?” என்று தட்டினேன்.

“முகம் நல்லாருக்கு சார். ஆனா சமையல், கோலம், பக்திப் பாட்டுன்னு போட்டிருக்கு. செவ்வாயில தக்காளி போடறேன்னு சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க. உங்களை மாதிரி பேசறதுக்கு ஒரு ஆள் கிடைக்குமா சார்? வேண்டாம்னு சொல்லிடவா?”

‘அது நான்தான்.’ இரண்டே வார்த்தை. தட்டினேன், அழித்தேன். மூன்று வருஷம் சார் என்று கூப்பிட்டவன் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டால்? பயமாக இருந்தது. கடைசியில் எனக்குக் கைவந்த கறாரோடு எழுதினேன்: “முன்பின் பாக்காத ஆளுக்கு ஒரு பொண்ணோட போன் நம்பரை அனுப்பலாமாப்பா? முதல்ல அதை அழி.”

“மன்னிச்சிடுங்க சார். இதோ அழிச்சிடறேன்” என்றான். அழித்தும் விட்டான்.

மறுநாள் காலை அப்பா காபி டம்ளரோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“லால்குடிக்காரங்க வேண்டாம்னுட்டாங்கம்மா. காரணம் சொல்லல. நாம எல்லாத்தையும்தானே சொன்னோம்? எதை மறைச்சோம்?”

காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“நீங்க எதையும் மறைக்கலப்பா” என்றேன்.